ஐந்து ஏக்கர் மழை

ஓசூர்

மன்னார்குடிப் பக்கத்து ஆள் நான். மேட்டூரில் திறந்துவிட்ட தண்ணீர் எங்கள் வாய்க்காலுக்கு வந்து சேரும் நாளில், முதலில் வருவது நுரைதான். சருகு, குச்சி, கோடையில் செத்த நத்தைகளின் ஓடு எல்லாவற்றையும் தள்ளிக்கொண்டு அது வரும். கரையில் பிள்ளைகள் கூடவே ஓடுவார்கள். மடையைத் திறந்தால் என் வயல், அடைத்தால் அடுத்தவர் வயல். தண்ணீர் என்பது கண்ணால் பார்க்கிற பொருள் என்ற நினைப்பு எங்கள் ஊர்க்காரர்களின் ரத்தத்தில் ஊறியது.

அந்த நினைப்போடுதான் மார்கழிக் கடைசியில் ஓசூரில் இறங்கினேன். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரம். விடிகாலையில் பேருந்து நிலையத்தில் பேசுகிறவர்கள் வாயிலிருந்து புகை வந்தது. டீக்கடைக்காரர் ஒருவருக்குத் தமிழில் பதில் சொன்னார், அடுத்தவருக்குத் தெலுங்கில், மூன்றாமவரிடம் கன்னடத்தில் சில்லறை கேட்டார். எதிரே கம்பெனிப் பேருந்துகள் வரிசையாக நின்றன. முதல் ஷிப்ட்டுக்குப் போகும் பிள்ளைகள் சீருடையும் கம்பளித் தொப்பியுமாக ஏறிக்கொண்டிருந்தார்கள். 1970களில் சிப்காட் வந்ததிலிருந்து இந்த ஊர் லாரி செய்கிறது, மோட்டார் சைக்கிள் செய்கிறது, கைக்கடிகாரம் செய்கிறது. 2019இல் மாநகராட்சியும் ஆகிவிட்டது.

நான் தேடி வந்தது தொழிற்சாலைகளை அல்ல. அவற்றின் மதில் முடிகிற இடத்தில் தொடங்கும் தோட்டங்களை. வாய்க்கால் இல்லாத ஊரில் ஒரு விவசாயி தண்ணீரை எப்படிப் பார்க்கிறார், எப்படிக் கணக்கு வைக்கிறார் என்று தெரிந்துகொள்ள ஆசை.

கெலவரப்பள்ளி

கர்நாடகத்தில் நந்தி மலைப் பக்கம் பிறக்கும் தென்பெண்ணை, பெங்களூரின் கிழக்கு ஓரமாக இறங்கித் தமிழகத்துக்குள் வந்ததும் முதலில் தங்கும் இடம் கெலவரப்பள்ளி அணை. 44 அடி உயரம், 8,000 ஏக்கர் பாசனம். மதகுக்குக் கீழே வெள்ளையாக ஏதோ குவிந்து கிடந்தது. உறைபனியோ என்று ஒரு கணம் நினைத்தேன். நுரை.

காற்று அதில் ஒரு கைப்பிடியைக் கிள்ளிக்கொண்டு போய்க் கரையோர முள்செடியில் மாட்டியது. அது உடையாமல் அங்கேயே ஆடிக்கொண்டிருந்தது. எங்கள் ஊர் நுரை விரல் பட்டால் கரைந்துவிடும். இது விரலில் பிசுபிசுத்தது. சோப்பு வாடையும் சாக்கடை வாடையும் சேர்ந்து அடித்தது. பெங்களூர் வீடுகளின் சலவைத் தண்ணீரும், சுத்திகரிக்காமல் விடும் கழிவும் ஆற்றில் கலந்து பல ஆண்டுகளாக இப்படி நுரைக்கிறது. மழை பெய்து தண்ணீர் வேகமாக வரும் நாட்களில் குவியல் ஆள் உயரத்தையும் தாண்டுமாம்.

வாய்க்கால் ஓரத்தில் மாட்டுக்குப் புல் அறுத்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் நான் நிற்பதைப் பார்த்து அருகில் வந்தார்.

"எந்த ஊருங்க?"

"தஞ்சாவூர்ப் பக்கம்ங்க ஐயா, மன்னார்குடி."

"ஓ, காவேரிக்காரங்களா. இந்தத் தண்ணி பார்க்கப் பஞ்சாட்டம் இருக்குதுங்க. இறங்கி மடை கட்டினா சாயந்தரம் வரைக்கும் கால் அரிக்கும். புல்லுக்கும் நெல்லுக்கும் இதைப் பாச்சறோம். தக்காளிக்கும் கீரைக்கும் போர்த் தண்ணிதான். நம்ம பிள்ளைங்களும் திங்கணுமில்லீங்களா."

அவர் அருவாளால் காட்டிய திசையில், வாய்க்காலிலிருந்து நூறு அடிகூட இல்லாத தூரத்தில், ஒரு நீலக் குழாய் மண்ணிலிருந்து எழுந்து நின்றது. கண்முன்னால் ஆறு ஓடுகிறது. அவர் பூமிக்குள்ளிருந்து தண்ணீர் எடுக்கிறார். மேலே ஓடுகிற தண்ணீர் கெட்டால், அதன் சுமையெல்லாம் கீழே இருக்கிற தண்ணீர்மேல் விழுகிறது. நிலத்தடி நீரைக் காப்பது பற்றிப் பேசுகிறவர்கள் முதலில் வந்து நிற்க வேண்டிய இடம் இந்த மதகடி என்று எனக்குப் பட்டது.

பாகலூர், பேரிகை

பாகலூரைத் தாண்டினால் சாலையின் இரு பக்கமும் ரோஜா. பாதி வெட்டவெளியில், பாதி பாலிஹவுஸ் என்கிற பிளாஸ்டிக் கூடாரங்களுக்குள். காதலர் தினத்துக்கான மும்முரம் தொடங்கிவிட்டது. டிசம்பரில் கவாத்து செய்த செடிகள் ஜனவரிக் கடைசியில் மொட்டுவிட வேண்டும். பிப்ரவரி 14க்கு முன்பே குளிர்ப்பெட்டியில் விமானம் ஏற வேண்டும். ஒரு மொட்டு ஒரு வாரம் முந்தினாலும் பிந்தினாலும் விலை கிடையாது. ஆகவே இங்கே தண்ணீர் மணிக்கணக்குப்படி போகிறது. பேரிகை அருகே ஒரு பாலிஹவுஸுக்குள் போனேன். காலையில் சில நிமிடம், மதியத்துக்கு முன் சில நிமிடம் என்று வேருக்குச் சொட்டுநீரில் உரம் கலந்து கொடுத்தார்கள். மொட்டுகளுக்குச் சின்ன வலைத்தொப்பி மாட்டிக்கொண்டிருந்த பெண்கள், வெளியே எட்டு டிகிரியோ பத்து டிகிரியோ என்று பேசிக்கொண்டார்கள்.

அதை நடத்தும் இளைஞர் முதலில் காட்டியது ரோஜாவை அல்ல, பின்பக்கத்துக் குட்டையை. கறுப்புத் தாள் விரித்த பெரிய பண்ணைக்குட்டை. பாலிஹவுஸ் கூரையிலிருந்து இறங்கும் தகரக்கால்வாய் அதில் வந்து முடிந்தது.

"கூரை நாலாயிரம் சதுர மீட்டருங்க. வருஷத்துக்கு எண்ணூத்தம்பது மில்லிமீட்டர் மழைன்னா முப்பத்துநாலு லட்சம் லிட்டர். பாதியைப் பிடிச்சாலே போதும். நாளைக்குப் பதினஞ்சாயிரம் லிட்டர் வெச்சா நூறு நாளுக்கு மேல ஓடும்."

மழைநீர் ரோஜாவுக்கு நல்லது, உப்பில்லாததால் சொட்டுவான் அடைக்காது என்றும் சொன்னார். ஆனால் வழியில் நான் பார்த்த எல்லாப் பாலிஹவுஸிலும் குட்டை இல்லை. குட்டை இல்லாத கூரை, மண்ணுக்கு இறங்க வேண்டிய மழையைத் தடுத்துச் சாலைக்கு ஓட்டிவிடுகிறது. பிறகு அதே மண்ணிலிருந்து போர் வழியாகத் தண்ணீர் கேட்கிறது.

தளி சாலை

அங்கிருந்து தெற்கே திரும்பித் தளி சாலையில் போனேன். தளியில் இஸ்ரேல் தொழில்நுட்ப உதவியோடு அரசு நடத்தும் கொய்மலர் மகத்துவ மையம் இருக்கிறது. நவீனப் பாசனத்தைப் பார்க்க வருகிறவர்கள் அங்கே போவார்கள். என்னை நிறுத்தியது அதற்கு முன்பே வந்த ஒரு கொல்லை. கேழ்வரகு அறுத்து முடிந்த தாள் நிற்கிறது. இடையிடையே சால் சாலாக அவரை மட்டும் பச்சையாகப் படர்ந்து பூவும் காயுமாக இருக்கிறது. குழாய் இல்லை, மோட்டார் இல்லை.

காய் பறித்துக்கொண்டிருந்த அம்மா ஒருவர், நான் கேட்பதற்கு முன்பே மடியிலிருந்து நாலு காயை எடுத்துக் கையில் வைத்தார். "மோந்து பாருங்க சாமி. பனி குடிச்ச காய். இதுக்கு நான் ஒரு சொம்புத் தண்ணி ஊத்தல."

ஆடி மழைக்கு விதைத்தது. கேழ்வரகுக்கு மழை போதும். மிஞ்சிய ஈரத்திலும் மார்கழிப் பனியிலும் அவரை காய்க்கும். மதியம் அவர் வீட்டுத் திண்ணையில் களியும் பிதுக்குப் பருப்புக் குழம்பும் சாப்பிட்டேன். அவரைக்கொட்டையை ஊறவைத்து, ஒவ்வொன்றையும் விரலால் அழுத்தித் தோலை நீக்கிப் பருப்பைப் பிதுக்க வேண்டும். மருமகளும் பேத்தியும் காலையிலிருந்து உட்கார்ந்து பிதுக்கிய பருப்பு அது. களியைக் கிள்ளிக் குழம்பில் தோய்த்து மெல்லாமல் விழுங்க வேண்டும் என்று பேத்தி சொல்லிக்கொடுத்தாள். வாய்க்கால் தண்ணீரும் நெல்லும் தவிர வேறு அறியாத என் நாக்குக்கு, ஒரு சொட்டுப் பாசனமும் இல்லாமல் விளைந்த அந்தச் சாப்பாடு புதிதாக இருந்தது. அந்தக் கொல்லையின் முழு மதிப்பு எனக்கு அன்று தெரியவில்லை. மறுநாள் ராயக்கோட்டையில்தான் தெரிந்தது.

ராயக்கோட்டை

ராயக்கோட்டை தக்காளி ஊர். மண்டியில் கிரேடு பெட்டிகள் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தன. அங்கே தக்காளி இறக்க வந்த ஒரு அக்காவோடு பேச்சு வளர்ந்து, அவர்கள் தோட்டத்துக்கே போய் அன்று இரவு தங்கினேன். மூன்று ஏக்கர் நிலம். மகன் பாலிடெக்னிக் படித்துவிட்டு ஓசூர்க் கம்பெனி ஒன்றில் ஷிப்ட் வேலை பார்க்கிறான்.

சாயங்காலம் அக்கா தோட்டத்துக்குள் ஒரு எவர்சில்வர் டம்ளரை எடுத்துக்கொண்டு நடந்தார். குடிக்கத்தான் என்று நினைத்தேன். மோட்டாரைப் போட்டுவிட்டு, முதல் வரிசையில் ஒரு சொட்டுவானுக்கு அடியில் மண்ணைக் கொஞ்சம் தோண்டி டம்ளரை வைத்தார். செல்போனில் நேரம் பார்த்தார். தண்ணீர் சொட்டுச் சொட்டாக விழுந்து சரியாக மூன்று நிமிடத்தில் விளிம்பைத் தொட்டது.

"இருநூறு மில்லி டம்ளர் தம்பி. மூணு நிமிஷத்துல நிறைஞ்சா மணிக்கு நாலு லிட்டர். கம்பெனிக்காரன் சொன்ன அளவு."

பிறகு தோட்டத்தின் கடைசி வரிசைக்குப் போனோம். அதே டம்ளர். மூன்று நிமிடம் ஆயிற்று, முக்கால்கூட நிறையவில்லை. நாலரை நிமிடம் ஆனது. அக்கா குழாயைத் தூக்கிச் சொட்டுவானைக் காட்டினார். துளையைச் சுற்றி வெள்ளையாக உப்புப் படிந்திருந்தது; ஆழத்துப் போர்த் தண்ணீரின் உப்பு. வரிசையின் முனையில் மடித்துக் கட்டியிருந்ததை அவிழ்த்துவிட்டார். பழுப்புத் தண்ணீர் சீறிக்கொண்டு வந்து, மெல்ல மெல்லத் தெளிந்தது.

"இதைப் பார்க்காம விட்டா கடைசிச் செடி வாடும். வாடுதேன்னு ஒரு மணி நேரம் கூட ஓட்டுவோம். முதல் செடிக்கு வேரழுகும். தண்ணி ரெண்டு பக்கமும் வீண். டிரிப் போட்டா மட்டும் பத்தாது தம்பி. வாரத்துக்கு ஒருக்கா அது கூட நடக்கணும்."

மோட்டார் பெட்டியில் ஒரு இடம் காலியாக இருந்தது. முன்பு அங்கே ஆட்டோ ஸ்டார்ட்டர் இருந்ததாம். கரண்ட் எப்போது வந்தாலும் மோட்டார் தானாக ஓடும். நடு ராத்திரி வீட்டார் தூங்கும்போது தண்ணீர் பாய்ந்து வரப்பை உடைத்துப் போகும். விவசாயத்துக்கு மின்சாரம் கட்டணமில்லாதது. ஓடிய தண்ணீருக்கு எந்தச் சீட்டும் வராது. "நானே கழட்டிட்டேன். கண்ணால பார்க்காத தண்ணி வேணாம்னு."

ராத்திரி களி சாப்பிட்டுக்கொண்டே அக்கா தன் கதையைச் சொன்னார். முதலில் வாய்க்கால் கட்டி ஒரு ஏக்கர் தக்காளி. பிறகு மானியத்தில் சொட்டுநீர் வந்தது. தமிழகத்தில் சிறு, குறு விவசாயிகளுக்கு இது 100 சதவீத மானியம், மற்றவர்களுக்கு 75. பாதித் தண்ணீர் மிச்சமானது. மிச்சமான தண்ணீரைப் பார்த்ததும் ஆசை வந்தது. ஒரு ஏக்கர் இரண்டரை ஏக்கர் ஆனது. மூன்றாவது கோடையில் போர் புகைய ஆரம்பித்தது. இன்னொரு போர், எண்ணூறு அடி. அதில் வந்த தண்ணீரின் உப்பைத்தான் நான் சொட்டுவானில் பார்த்தேன். குடிப்பதற்கு வீட்டில் தனிக்குடம். அது ஒகேனக்கல் தண்ணீர். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்து பல்லும் எலும்பும் பாதிக்கப்பட்டதால், ஜப்பானியக் கடனுதவியோடு காவிரித் தண்ணீரை மலையேற்றிக் கொண்டுவரும் திட்டம் 2013இல் தொடங்கிவைக்கப்பட்டது.

அப்போது ஷிப்ட் முடிந்து வந்த மகன், சட்டையைக் கழற்றும்போதே ஒரு வார்த்தை சொன்னான். "எங்க கம்பெனியில ஒரு நட்டு எங்க போச்சுன்னு கணக்கு இருக்குதுண்ணா. நம்ம போர்ல வருஷத்துக்கு எவ்ளோ தண்ணி எடுத்தோம்னு எங்கிட்டயும் கணக்கு இல்ல, அம்மாகிட்டயும் இல்ல."

சரி, போட்டுப் பார்ப்போம் என்று தக்காளிப் பெட்டியின் அட்டையில் மூவரும் கணக்குப் போட்டோம். இங்கே கீழே இருப்பது கெட்டிப் பாறை. எங்கள் ஊர் வண்டல்போல் அது தண்ணீரைப் பஞ்சாக உறிஞ்சி வைத்திருக்காது; மேலாக மக்கிய பாறையிலும், அடியில் விரிசல்களிலும் மட்டுமே தண்ணீர் நிற்கும். பெய்கிற மழையில் பத்தில் ஒரு பங்கோ, சில பாறைகளில் அதற்கும் குறைவாகவோதான் கீழே இறங்கும். வருஷ மழை 850 மில்லிமீட்டர் என்று வைத்தால், நிலத்தடிக்குப் போவது 85. தக்காளிக்கு நட்டதிலிருந்து அறுவடை முடியும்வரை வேண்டியது 400 முதல் 600. கோடைத் தக்காளிக்கு அது முழுக்கப் போரிலிருந்து வர வேண்டும். சொட்டுநீர் என்பது வீணைத்தான் குறைக்கும். செடியின் தாகத்தைக் குறைக்காது. 400ஐயும் 85ஐயும் வகுத்துப் பார்த்தோம்.

ஏறத்தாழ ஐந்து.

ஒரு ஏக்கர் தக்காளி, ஐந்து ஏக்கரில் இறங்கிய மழையைக் குடிக்கிறது. அக்காவிடம் இருப்பது மூன்று ஏக்கர். மிச்ச மழை யாருடைய நிலத்தில் இறங்கியது? பக்கத்துக் கரட்டில், ஊர் ஏரியில், தளி சாலையில் நான் பார்த்ததுபோல் அவரையும் கேழ்வரகும் நிற்கும் கொல்லைகளில். அந்த அம்மா ஒரு சொம்புத் தண்ணீர் எடுக்காமல் விட்டதுதான் யாரோ ஒருவரின் போரில் தண்ணீராக வருகிறது. பக்கத்து ஏக்கர்களும் தக்காளி ஆனால், அல்லது வீட்டுமனை ஆகிச் சிமெண்ட் போட்டால், அந்தப் பங்கும் போச்சு.

அக்கா கொஞ்ச நேரம் அட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இப்ப ஒரு ஏக்கர்தான் வெக்கிறேன். மீதியில கேவுரும் கொள்ளும். கடன் பயத்துல செஞ்சேன். கணக்கும் அதைத்தான் சொல்லுது."

காவேரிப்பட்டணம்

மலையிறங்கிக் கிருஷ்ணகிரி அணைக்கு வந்தபோது என் ஊர் வாசனை வந்தது. காமராஜர் முதலமைச்சராக இருந்த காலத்தில் தென்பெண்ணைக்குக் குறுக்கே கட்டிய அணை. இடது, வலது கால்வாய்களால் 9,012 ஏக்கர் பாசனம். கால்வாய் ஓரம் நடந்து காவேரிப்பட்டணம் போகும் வழியில் தென்னையும் நெல்லும் கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருந்தன.

முன்பட்டமாகக் கிணற்றுத் தண்ணீரில் நட்ட ஒரு வயலில் ஒரு அடி நீளப் பிவிசி குழாய் ஒன்று செங்குத்தாக நட்டிருந்தது. கீழ்ப்பாதி முழுக்க ஓட்டை. உள்ளே எட்டிப் பார்த்தேன். வயலில் தண்ணீர் இல்லை, குழாய்க்குள் மண்மட்டத்துக்கு நாலு விரல் கீழே பளபளத்தது. வயல்காரர் அதில் ஒரு குச்சியை விட்டு அளந்தார். மண்மட்டத்துக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கும்வரை காத்திருந்து, பிறகு இரண்டு அங்குலம் தண்ணீர் கட்ட வேண்டும். பூ வரும் நாட்களில் மட்டும் காயவிடக் கூடாது. பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் பரப்பிய முறை இது. பெயர் மட்டும் நம் பாட்டன்மார் வைத்தது: காய்ச்சலும் பாய்ச்சலும். எங்கள் ஊரில் அதைச் சொல்லாத கிழவர் இல்லை. வாய்க்காலில் தண்ணீர் ஓடுகிற வரை அதைச் செய்கிறவரும் அதிகமில்லை.

பாரூர்

பயணத்தின் கடைசி நாள் பாரூர். சந்தூர் வழியாகப் போனதால் வழியெல்லாம் மாந்தோப்பு. மல்கோவா, செந்தூரா, நீலம், இங்கே பெங்களூரா என்று அழைக்கும் கிளிமூக்கு மா. தை பிறக்கப்போகிறது என்று பூங்கொத்துகள் சொல்லின. மா பூப்பதற்கு முன் இரண்டு மூன்று மாதம் தண்ணீரை நிறுத்த வேண்டும். கட்டினால் இலைதான் விடும், பூ விடாது. காயவிடுவதையே மகசூலாக மாற்றிக்கொள்ளும் மரம். அப்படிப்பட்ட மரத்துக்கே மழை பொய்த்த வருஷங்களில் விவசாயிகள் டிராக்டர் டேங்கரில் தண்ணீர் வாங்கி ஊற்றியிருக்கிறார்கள்.

நெடுங்கல் அணைக்கட்டிலிருந்து தண்ணீர் வாங்கி, சுமார் 2,400 ஏக்கருக்குப் பாயும் பெரிய ஏரி பாரூரில். கரையில் நின்றிருந்த மதகு திறக்கிறவரிடம் பேசினேன்.

"சில நாள் திறப்பு, சில நாள் அடைப்பு. முறைதான். எங்கப்பன் காலத்துல இருந்து முறைதாங்க. கீழ்மடைக்காரனுக்குப் போய்ச் சேரணுமில்ல."

"போருக்கு முறை உண்டுங்களா அண்ணே?"

கேள்வியே அவருக்கு விநோதமாக இருந்தது. "போருக்கு ஏதுங்க முறை? கரண்ட் இருந்தா ஓடும்."

அந்தக் கரையில்தான் நான் இத்தனை நாள் சுற்றியதற்கு விடை கிடைத்தது. மேலே தெரிகிற தண்ணீருக்கு நம் மக்கள் முறை வைத்தார்கள். அதற்கு ஆள் வைத்தார்கள், அடைக்காதவனை ஊர் கேட்டது. கீழே இருக்கிற தண்ணீருக்கு அந்த முறை இன்னும் பிறக்கவில்லை. தமிழகத்தில் 2003இல் நிலத்தடி நீருக்கென ஒரு சட்டம் இயற்றப்பட்டு, நடைமுறைக்கு வராமலேயே 2013இல் திரும்பப் பெறப்பட்டது. 2020ஆம் ஆண்டுக் கணக்குப்படி மாநிலத்தின் 1,166 குறுவட்டங்களில் 435 அளவுக்கு மீறி உறிஞ்சப்பட்டவை. அதாவது வருஷத்துக்கு இறங்குவதைவிட எடுப்பது அதிகம்.

ஆனால் சட்டம் இல்லாமலே முறை பிறந்த இடம் தூரத்தில் இல்லை. கிருஷ்ணகிரிக்கு அடுத்த சித்தூர் உட்பட, அன்றைய ஒன்றுபட்ட ஆந்திரத்தின் ஏழு வறண்ட மாவட்டங்களில், ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பின் துணையோடு 2000களில் ஒரு முயற்சி நடந்தது. விவசாயிகளே மழைமானி வைத்து மழையை அளந்தார்கள். கிணறுகளில் நீர்மட்டத்தைக் குறித்துவைத்தார்கள். மழைக்காலம் முடிந்ததும் ஊர் கூடி, இந்த வருஷம் பூமியில் இவ்வளவு இருக்கிறது, இத்தனை ஏக்கருக்கு எந்தப் பயிர் தாங்கும் என்று பொதுவில் கணக்குப் போட்டார்கள். யாரையும் யாரும் கட்டாயப்படுத்தவில்லை. கணக்கைப் பார்த்த பலர் தாங்களாகவே தண்ணீர் அதிகம் குடிக்கும் பயிரைக் குறைத்தார்கள். ராயக்கோட்டையில் நாங்கள் மூன்று பேர் அட்டையில் செய்ததை அவர்கள் ஊராகச் செய்தார்கள்.

சொட்டுநீர் வேண்டும், குட்டை வேண்டும், மூடாக்கு வேண்டும், டம்ளரோடு வாரம் ஒருமுறை நடக்கவும் வேண்டும். இவற்றால் மிச்சமாகும் தண்ணீர் இன்னொரு ஏக்கருக்குப் போகாமல் பூமியிலேயே தங்க வேண்டும். தனி ஆள் ஒருவர் விட்டுக்கொடுத்தால் அடுத்தவர் போர் எடுத்துக்கொள்ளும். ஆகவே அது ஊர் கூடிச் செய்ய வேண்டிய காரியம். மழையை மட்டும் நம்பிக் கேழ்வரகும் அவரையும் வைக்கிற அந்த அம்மாவுக்கு நல்ல விலை கிடைப்பதும் இந்த முறையில் சேர வேண்டும். அவருடைய ஏக்கர்தான் எல்லோருக்கும் மழையைச் சேர்த்து வைக்கிறது.

ஊருக்குத் திரும்பியபோது பொங்கல். எங்கள் வயல் மூலையிலும் ஒரு போர் இருக்கிறது. ஆற்றில் தண்ணீர் நின்ற பிறகு அதுதான் ஓடும். தாளடி நெல்லுக்கு நடுவே ஒரு அடிக் குழாயை நட்டு, மறுநாள் காலை குச்சி விட்டுப் பார்த்தேன். எட்டு சென்டிமீட்டர். மேலே மண் காய்ந்திருந்தது. வேருக்கு இன்னும் தண்ணீர் இருந்தது. மோட்டாரைப் போடவில்லை. அளவை ஒரு நோட்டில் எழுதி, பக்கத்து வயல் சித்தப்பாவிடம் காட்டப் போனேன்.